ஆய்வாளர் இங்ஙனம் கருதுகிறார்

பாத்திரப் பெட்டி வந்த நாளிலிருந்து பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் உளவியல் ஆய்வுப் பக்கம் தலைவைத்துப் படுக்க ஆளில்லை. அதற்கு முன்னால் அது ராஜபாட்டை. ஒரு நாவலை எடுத்துக்கொள்ள வேண்டியது, நாலு பாத்திரங்களைப் பிடித்து வரிசையாக உட்கார வைக்க வேண்டியது, இவனுக்கு இட் அதிகம், இவளுக்கு சூப்பர் ஈகோ அதிகம், நடுவில் ஈகோ கிடந்து அல்லாடுகிறது என்று அட்டவணை போட வேண்டியது. முனைவர் பட்டம் வீடு தேடி வந்துவிடும். செத்துப்போன எழுத்தாளர் வந்து கேட்கப் போவதில்லை, காகிதத்துப் பாத்திரம் எழுந்து வந்து ‘நான் அப்படியில்லை’ என்று சொல்லப் போவதில்லை என்கிற தைரியம்தான்.

இப்போது எழுந்து வந்து சொல்லத் தொடங்கிவிட்டன.

பெட்டியைச் செய்தவர் பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்த தண்டபாணி. பார்வைக்கு மாவரைக்கிற கிரைண்டர் மாதிரியே இருக்கும். நாவலை உள்ளே ஏற்றினால் அதில் அதிகம் புழங்குகிற பாத்திரம் பேச ஆரம்பிக்கும். ஒரு குரலில் அல்ல, மூன்று குரலில். சிவப்பு ஸ்பீக்கரில் இட், அதாவது வேண்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற மனசு. பச்சையில் சூப்பர் ஈகோ, கூடாது கூடாது என்று பிரம்பெடுக்கிற மனசு. நடுவில் மஞ்சளில் ஈகோ, இரண்டு பேரையும் சமாளித்து ஊரோடு ஒத்துப்போகப் பார்க்கிற அப்பாவி.

பல்கலைக்கழகம் அதை வாங்கிய கையோடு ஒரு விதியும் போட்டது. உளவியல் ஆய்வு என்றால், பொது வாய்மொழித் தேர்வில் பாத்திரத்தையே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஆய்வேடு சொல்வதை மூன்று குரலும் சேர்ந்து சராசரியாக அறுபது சதவீதமாவது ஒத்துக்கொண்டால்தான் பட்டம். முதலில் மாட்டியவர், ஒரு கதாநாயகனுக்குத் தாய்மேல் மோகம் என்று எழுதியவர். கதாநாயகன் சிவப்பு ஸ்பீக்கரில் வந்து, “எங்கம்மாளை எதுக்குடா இழுக்கறே?” என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் நிறுத்தவில்லை. அந்த ஆய்வாளர் இப்போது சூலூரில் பேக்கரி வைத்திருக்கிறார். நிம்மதியாக இருக்கிறாராம்.

சுகந்தாமணிக்கு அப்படி ஓடவும் வழியில்லை. விதி வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே பதிவு செய்துவிட்டவள் அவள். பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ‘கௌரவ’ என்றால் நிரந்தரமில்லை என்பதை மரியாதையாகச் சொல்வது. அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல். பட்டம் கையில் இருந்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும், வயதும் நாற்பதைத் தொட்டுவிட்டது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்று துறையில் எல்லாரும் அன்பாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஆராய்ந்த நாவலின் பெயர் ‘இரண்டாம் ஷிப்ட்’. பஞ்சாலையில் வேலை செய்கிற வேலாத்தாளின் கதை. வேலாத்தாள் வீட்டுக்கும் மில்லுக்குமாகத் தேய்கிறாள், தேய்கிறாள், இருபத்திரண்டு அத்தியாயம் தேய்கிறாள். இருபத்து மூன்றாவதில் ஒருநாள் காலை, மில்லுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஊட்டி பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். தனியாக. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஊர் அடுக்கு பிஸ்கட்டான வர்க்கி ஒரு பொட்டலம் தின்கிறாள். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து சோறு வைக்கிறாள். ஏன் போனாள் என்று நாவலாசிரியர் சொல்லவில்லை. ஆசிரியர் சொல்லாமல் விட்ட இடத்தில்தானே ஆய்வாளர்கள் கூடாரம் அடிப்பார்கள்!

இந்தக் கூடாரத்தை அடித்தவர் சுகந்தாமணியின் நெறியாளர், முனைவர் ஆறுச்சாமி. நாலாம் இயலை அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வேலாத்தாள் பக்கத்து வீட்டுப் பொன்னுச்சாமியோடு ஊட்டிக்குப் போனாள். மலையேற்றம் ஒடுக்கப்பட்ட காமத்தின் குறியீடு. வர்க்கியின் அடுக்குகள் நனவிலி மனத்தின் அடுக்குகள். முப்பத்தெட்டுப் பக்கம்.

பொன்னுச்சாமி பதினோராம் அத்தியாயத்திலேயே மஞ்சள் காமாலையில் செத்துப்போயிருந்தான்.

இதை அவள் பயந்து பயந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “செத்தா என்ன அம்மணி? நனவிலியில இருப்பானல்லோ?” என்றார். நெறியாளர் கையெழுத்தில்லாமல் ஆய்வேடு ஓர் அங்குலம் நகராது. அவள் மற்ற இயல்களை ஒழுங்காக எழுதி, அவற்றை வைத்து அறுபதைத் தேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. மண்டபம் நிறைந்திருந்தது. ஃப்ராய்டுக்குப் பாதிப்பேர், போண்டாவுக்குப் பாதிப்பேர். வழக்கப்படி சுகந்தாமணியே பொன்னாடை, இனிப்பு, காரம், காபி எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். புறத்தேர்வாளராகத் திருநெல்வேலியிலிருந்து முனைவர் சங்கரவடிவு வந்திருந்தார். குட்டையான, கனத்த அம்மாள். ஆய்வேட்டின் ஓரங்களில் அத்தனை இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். ஆய்வேட்டை முழுசாகப் படிக்கிற தேர்வாளர் என்பது ஒருவருக்கும் வரக்கூடாத சோதனை.

தண்டபாணி பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் மெல்லப் பக்கத்தில் போனாள்.

“ஏனுங்கண்ணா, எழுத்துல இல்லாததை இது எப்படிங்க பேசுது?”

“இல்லாததைப் பேசாதுங்க அம்மணி. அடக்கி வெச்சதைத்தான் பேசும். ஒரு ஆள் ஒரு வரியை எழுதறப்போ எங்க இழுத்துப் புடிக்குது, எங்க மென்னு முழுங்குதுன்னு அதுக்குத் தெரியும். குழாயில எங்க அடைப்புன்னு தெரிஞ்சா, அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு சொல்லிப்போடலாமல்லங்க? அதேதானுங்க.”

“தப்பாச் சொன்னதுண்டுங்களா?”

“என்ற பம்பு கூடத் தப்புப் பண்ணியிருக்குதுங்க. இது பண்ணுனதில்லை.”

அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று.

வரவேற்புரை முடிந்தது. தண்டபாணி பொத்தானை அழுத்தினார். பெட்டி ஒரு சுற்றுச் சுற்றி, பஸ் நிலைய அறிவிப்பு மாதிரிக் கூவியது: “இப்பனுவலின் தலைமைப் பாத்திரம் வருகிறார். அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் குறிப்பிடப்பட்டவர். பெயர்: ஆய்வாளர்.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. ஆறுச்சாமி புருவத்தைச் சுளித்தார். வேலாத்தாள் எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

பச்சை ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது. “அவையோர்க்கு வணக்கம். தாயாய், தந்தையாய், கண்ணை இமை காப்பதுபோல் ஆய்வாளரைக் காத்துவரும் நெறியாளர் அவர்களின் பொற்பாதங்களைப் பணிந்து...”

சுகந்தாமணிக்குச் சுரீர் என்றது. அது அவளுடைய நன்றியுரை. வரிக்கு வரி.

என்ன நடந்தது என்பது அந்தக் கணமே புரிந்துவிட்டது. நாவலைத் தட்டச்சு செய்து வைத்த கோப்புக்குப் பெயர் ‘இரண்டாம் ஷிப்ட் முழுசு’. ஆய்வேட்டுக் கோப்புக்குப் பெயர் ‘இரண்டாம் ஷிப்ட் இறுதி’. அவசரத்தில் இரண்டாவதைத் தண்டபாணிக்கு அனுப்பிவிட்டாள். பெட்டி ஆய்வேட்டையே ஒரு நாவல் என்று நினைத்துப் படித்திருக்கிறது. தமிழ் ஆய்வேட்டில் ‘நான்’ என்று எழுதுவது மகாபாவம் அல்லவா? எழுதுகிறவர் தன்னைப் பற்றியே ‘ஆய்வாளர் கருதுகிறார்’, ‘ஆய்வாளர் ஐயுறுகிறார்’ என்று அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக அவள் பக்கத்துக்குப் பக்கம் அப்படி எழுதி எழுதி, தனக்கே தெரியாமல் ஒரு பாத்திரத்தைப் படைத்து வைத்திருந்தாள். மூன்று குரலும் அவளுடையவை.

“யாத்தாடி,” என்றது சிவப்பு. “எத்தனை ஜனம்! எல்லாம் போண்டா திங்க வந்ததுக.”

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. தட்டை மடியில் வைத்திருந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

“சும்மா இருங்களே,” என்று கெஞ்சியது மஞ்சள். “இன்னைக்கு ஒருநாள் பல்லைக் கடிச்சுட்டு இருந்தா முடிஞ்சுபோகுமுங்க. கையெழுத்து வாங்கோணுமல்லங்க?”

ஆறுச்சாமி எழுந்துவிட்டார். “நிறுத்துங்க! கோப்பு மாறிப்போச்சு. இது செல்லாது.”

“செத்த இருங்க,” என்றார் சங்கரவடிவு. அவர் கையில் விதிப்புத்தகம் இருந்தது. “கூப்புட்ட பாத்திரத்த விசாரிச்சு முடிக்காமத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஒன்பதாவது விதி சொல்லுது. பாவம், வந்ததே வந்துட்டு. ரெண்டு கேள்வி கேட்டுக்கிடுதேன்.” அவர் மஞ்சள் சீட்டொன்றைப் புரட்டினார். “ஆய்வாளர் அவர்களே, நாலாம் இயல்ல, வேலாத்தாள் காமத்தாலதான் பொன்னுச்சாமி கூட ஊட்டிக்குப் போனான்னு இருக்கு. நீங்க ஒத்துக்கிடுதியளா?”

“ஆய்வாளர் முழுமனத்தோடு ஒத்துக்கொள்கிறார்,” என்றது பச்சை.

“ஒத்துக்கிட்டாத்தானுங்க கதை நடக்கும்,” என்றது மஞ்சள்.

அடுத்தது சிவப்பு. அதன் குரலில் இப்போது கேலி இல்லை. “அவ எதுக்கு எவனோடயோ போகோணும்? காலையில எந்திரிச்சதுல இருந்து வேலா, வேலா, வேலான்னு ஆளாளுக்குக் கூப்புடறாங்க. ஒருநாள், ஒரே ஒருநாள், யாரும் பேர் சொல்லிக் கூப்புடாத எடத்துல போய் உக்காரோணும்னு நெனச்சா. எனக்கும் அதேதான். அஞ்சரை மணி பஸ்ஸுல ஏறறப்பவெல்லாம் நெனைப்பேன், இது ஊட்டிக்குப் போனா எப்படி இருக்கும்னு. பொன்னுச்சாமி செத்து பன்னெண்டு அத்தியாயம் ஆச்சு. நெறியாளர் அந்த நாவலைத் தொட்டுக்கூடப் பாக்கலை.”

சுகந்தாமணிக்கு முகம் தீயாகக் காந்தியது. நாற்பது வயதில் நடுச்சபையில் தன் மனசு தன் குரலிலேயே பேசுவதைக் கேட்பது எவ்வளவு அவமானம் என்பதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. அதைவிட ஆச்சரியம், அவளுக்கு அது சொன்னது ஒவ்வொன்றும் பிடித்திருந்தது.

சங்கரவடிவு இன்னும் பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டார். பெட்டி முடிவை அறிவித்தது. “உடன்பாடு: பச்சை நூறு. மஞ்சள் எழுபது. சிவப்பு பூஜ்யம். சராசரி ஐம்பத்தாறு புள்ளி ஆறு ஏழு.”

“அறுபதுன்னு ரவுண்ட் பண்ணிக்கலாமுங்களே,” என்றார் துறையில் ஒருவர், போண்டாவின் நன்றிக்கடனாக.

ஆறுச்சாமி மேடையோரம் வந்து சுகந்தாமணியிடம் தணிந்த குரலில் பேசினார். தணிந்திருந்தாலும் கையில் ஒலிபெருக்கி இருந்ததை மறந்துவிட்டார். “இங்க பாரு அம்மணி. பெட்டியில கோளாறுன்னு ஆய்வாளர் எழுதிக் குடுத்தா, பெட்டி இல்லாமப் பழைய மொறையில தேர்வை முடிச்சுப்போடலாம். விதியில இருக்குது. ரெண்டு வரி எழுது. பொழுது சாயறதுக்குள்ள நீ முனைவர். எழுதலைன்னா என்ற கையெழுத்தை மறந்துரு.”

“விதி அப்படித்தான் இருக்கு,” என்று சங்கரவடிவும் ஒத்துக்கொண்டார். “இது சொன்னதெல்லாம் பொய்யின்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். நான் மேல ஒண்ணும் கேக்க மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

வெள்ளைத்தாளும் பேனாவும் வந்தன. சுகந்தாமணி பேனா மூடியைக் கழற்றினாள். இரண்டே வரி. ஏழு வருஷத்தில் இவர் சொல்லி எத்தனை ஆயிரம் வரி எழுதியிருப்பாள், இது என்ன பிரமாதம்? நேர்காணலை நினைத்தாள், பட்டியலை நினைத்தாள். கை தானாகவே ‘ஆய்வாளர்’ என்று எழுதியது. ‘ஆய்வாளர் இங்ஙனம் கருதுகிறார்: பாத்திரப் பெட்டியில் ஏற்பட்ட கோளாறினால்’ என்கிற வரை போயும் விட்டது.

அப்போது அவளுக்கு வேலாத்தாள்மேல் பாவமாக இருந்தது. அந்த மனுஷி வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் எடுத்துக்கொண்டாள். அதிலும் கூட ஒரு செத்தவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தாயிற்று. இப்போது அதற்குச் சுகந்தாமணியே உறுதிமொழியும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பேனாவை மூடினாள்.

“பெட்டியில கோளாறு இல்லீங்க,” என்றாள். “அது சொன்னது நெசமுங்க. நான் அந்த இயலை நம்பலை. நான் எழுதலை. நான் இருபத்து மூணாம் அத்தியாயத்தைப் பதினாறு தடவை படிச்சிருக்கறனுங்க, வேலாத்தாள் தனியாத்தான் போனா. நான்...” அதற்கு மேல் வரவில்லை. ஆனால் ஏழு வருஷத்துப் பாக்கியை அவள் ஒரே மூச்சில் மூன்று நாலு ‘நான்’ போட்டுத் தீர்த்திருந்தாள். பெட்டியின் மூன்று ஸ்பீக்கர் விளக்கும் ஒன்றாக அணைந்தன. தண்டபாணி வயரை ஆட்டிப் பார்த்தார், வயர் சரியாகத்தான் இருந்தது.

சங்கரவடிவு தீர்ப்பை எழுதினார். நாலாம் இயல் நீக்கப்பட வேண்டும். ஆய்வாளரே ஆறு மாதத்துக்குள் அதைப் புதிதாக எழுதித் தர வேண்டும். அதற்கான படிவத்தில் நெறியாளர் இன்றே ஒப்பமிட வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து. படிவத்தை நீட்டியபோது ஆறுச்சாமி அதைப் பார்க்கவே இல்லை. பொன்னாடையைக் கூட வாங்காமல் உள்ளறைக்குப் போய்விட்டார்.

“வருத்தப்படாதீய,” என்று கிளம்பும்போது சங்கரவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நாப்பது ஆய்வேடு திருத்தியிருக்கேன். அதுக்குள்ள இருந்து பேசுத பாத்திரம் ஒண்ணுகூடப் பாத்ததில்ல பாத்துக்கிடுங்க.” அது ஆறுதலா பாராட்டா என்று சுகந்தாமணிக்குத் தெரியவில்லை. நேர்காணல் போயிற்று என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மண்டபம் காலியாயிற்று. அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். காலில் விழலாமா என்று ஒரு யோசனை, விழக்கூடாது என்று ஒரு யோசனை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே தண்டபாணி பெட்டிக்குத் திரும்பவும் மின்சாரம் கொடுத்திருந்தார். ஆறுச்சாமி முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் அவருடைய சொந்த ஆய்வேடு, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது, பழுத்த பக்கங்களோடு. பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

“போடுங்க,” என்றார் ஆறுச்சாமி.

பெட்டி சுற்றியது. வெகுநேரம் சுற்றியது. “இப்பனுவலில் ஆய்வாளர் எழுநூற்று நாற்பது இடங்களில் குறிப்பிடப்பட்டுள்ளார்,” என்றது. “ஆனால் ஆள் யாரும் கிடைக்கவில்லை.”

“இன்னொருக்காப் போடுங்க.”

“ஆள் யாரும் கிடைக்கவில்லை.”

தண்டபாணி தலையைச் சொறிந்தார். “நாலாம் இயல்ல மட்டும் லேசா ஒரு குரல் தட்டுப்படுதுங்க அய்யா. ஆனா அது உங்களுது இல்லையாட்டங்குது. யாரோ பெரியவரு சொல்லச் சொல்ல எழுதுனதுங்களா?”

ஆறுச்சாமி சிவப்பு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு இரைச்சல்கூட இல்லை. இத்தனை வருஷம் சிங்கம் மாதிரி நடமாடிய மனுஷன் அந்த நாற்காலியில் பாதியாகத் தெரிந்தார். சுகந்தாமணிக்குக் கோபமெல்லாம் வடிந்து, பெற்றவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவளைக் கவனித்ததும் அவர் நிமிர்ந்தார். “பெட்டியில கோளாறு,” என்றார்.

தண்டபாணி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “ஆமாங்கய்யா. சூடேறிப் போச்சாட்டங்குதுங்க.”

ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொள்ளாமலே கேட்டார். “அந்தப் புள்ள... வேலாத்தாள். தனியாவா போனா?”

“தனியாத்தானுங்கய்யா.”

“போயி?”

“வர்க்கி தின்னாளுங்க. ஏரியப் பாத்துட்டு உக்காந்திருந்தாளுங்க. அவ்வளவுதானுங்க.”

“அதுக்கு ஒரு அத்தியாயமா?”

“நல்ல அத்தியாயமுங்கய்யா.”

அவர் கையை நீட்டினார். படிவத்தைக் கேட்கிறார் என்று நினைத்து அவள் அதை நீட்டினாள். “அதை வெய்யி. நாவல் கையில இருந்தாக் குடு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன். என்ற வீடு வரைக்கும் பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம், மிச்சத்தை ராத்திரி முடிச்சுருவேன். அஞ்சு மணிக்குள்ள பதிவாளர் ஆபீசுக்குச் சொல்லி, நாளைக்குக் காலை வரைக்கும் டயம் வாங்கிக்கலாம்.”

அவள் பைக்குள் கைவிட்டு நாவலை எடுத்துக் கொடுத்தாள். அட்டை கிழிந்து, முதுகில் செலோடேப் ஒட்டிய பிரதி. அவர் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழியில் மேடைமேல் கிடந்த பொன்னாடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பிரதியின் ஓரங்கள் முழுக்கப் பென்சில் எழுத்து. ஏழு வருஷமாக அவள் வேலாத்தாளைப் பற்றி நினைத்தது, தன்னைப் பற்றி நினைத்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. பொன்னுச்சாமி சாகிற பக்கத்தில் ஆறுச்சாமியைப் பற்றி மட்டும் ஆறு வரி. அதில் ஒரு வரியைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்ல முடியாது.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஓடினால் பிடித்துவிடலாம். வேறு பிரதி தருகிறேன், இது கிழிந்திருக்கிறது என்று ஒரு பொய் சொன்னால் போதும், கையெழுத்து பத்திரம். ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தும் விட்டாள்.

ஏழு வருஷத்தில் அவள் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். சுகந்தாமணி காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மிஞ்சிப்போன போண்டாத் தட்டோடு மாடிச்சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் படிக்கட்டும்.